ஆச்சு, போச்சு, இன்னும்

பிசான அறுவடை முடிந்து நெல் வண்டிகள் வரிசை கட்டுகிற மாசிக் கடைசி. அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை. எடை மேடையில் அம்பை 16 நெல் ஏற்றிய லாரி ஏறி நிற்கிறது. கண்ணாடி அறைக்குள் இண்டிகேட்டர் பெட்டியில் சிவப்பு எழுத்தில் 12340. அதற்குப் பக்கத்தில், நான் எழுதிக் கொடுத்த நிரல் ஓடுகிற திரையில் 1234.

"தம்பி, லோடு வண்டில்லா நிக்கி. ஆயிரத்து எரநூறுங்குது உங்க பொட்டி. வண்டி வெறுமையா வந்தாக்கூட அஞ்சு டன்னு இருக்குமே" என்றார் கணக்குப்பிள்ளை.

"பாத்துச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். பார்த்தேன். குற்றம் முழுக்க என்னுடையது.

இண்டிகேட்டரின் முதுகில் ஒரு சீரியல் போர்ட் உண்டு. நொடிக்குப் பல தடவை அது எடையை எழுத்துகளாக அனுப்பிக்கொண்டே இருக்கும்: ஒரு கூட்டல் குறி, இலக்கங்கள், வரி முடிவுக் குறி. இந்தப் பெட்டி முன்னால் சுழி போட்டு நிரப்பாது. எத்தனை இலக்கமோ அத்தனைதான். நொடிக்கு 9600 பிட் வேகத்தில், எழுத்துக்குப் பத்து பிட் என்று, சுமார் 960 எழுத்து வரும். ஆனால் கம்ப்யூட்டர் அதை வரி வரியாக நம் கையில் தராது. நாம் கேட்கிற நொடியில் எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறதோ அவ்வளவை அள்ளிக் கொடுக்கும். ஒரு தடவை "+1234" வரை வந்திருந்தது. மிச்சச் சுழியும் வரி முடிவும் அடுத்த அள்ளலில் வந்தன. என் நிரல் கையில் கிடைத்த துண்டையே முழுச் சேதி என்று எடுத்துக்கொண்டது. வீட்டில் சோதித்தபோது கோப்பிலிருந்து முழு வரிகளாகப் படித்தேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

எண் எங்கே முடிகிறது என்பதை அந்த எண்ணே சொல்லாது. அதற்கு அடுத்து வருவதுதான் சொல்லும். இந்தக் கட்டுரையின் மொத்த வம்பும் அந்த ஒரு இடத்திலிருந்து கிளம்புகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரி முடிவுக் குறி வருகிற சேதி என்றால், அது வரும்வரை துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வந்ததும் வரியை வெட்டி எடுத்துப் படித்தால் போதும். முதல் நாள் ராத்திரி நான் செய்ததும் அதுதான், ஆலையும் மறுநாள் ஓடியது. எல்லா இடத்திலும் அந்தச் சலுகை கிடைக்காது. நிரல்கள் தரவு பரிமாறிக்கொள்ளும் ஜேசான் வடிவம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய சேதி எங்கே முடிகிறது என்று தெரிய, அதைப் படித்தே ஆக வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே சேதி தீர்ந்துபோனால் என்ன செய்வது? வந்தவரைக்கும் வைத்துக்கொண்டு, மிச்சம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற பார்சர் வேண்டும். (எழுத்து வரிசையை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் நிரல்; பாகுபடுத்தி என்று பாடநூல் சொல்லும். வேலையிடத்தில் பார்சர்தான்.)

சாதாரணப் பார்சருக்கு இரண்டே பதில். படித்துவிட்டேன், இந்தா மதிப்பு. அல்லது, இது இலக்கணத்துக்குள் வராது. படிப்படியாக வேலை செய்யும் பார்சருக்கு மூன்றாவதாக ஒரு பதில் தேவைப்படுகிறது. ஹாஸ்கெல் மொழியில் பிரையன் ஓ'சல்லிவன் எழுதிய அட்டோபார்செக் என்ற நூலகம் இந்த மூன்றுக்கும் டன், ஃபெயில், பார்ஷியல் என்று பெயர் வைத்திருக்கிறது. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் இப்படி:

விடை = ஆச்சு (மதிப்பு, மிச்சம்)
     | போச்சு (காரணம்)
     | இன்னும் (துண்டு → விடை)

மூன்றாவது வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். "இன்னும்" என்பதற்குள் இருப்பது ஒரு ஃபங்ஷன். அடுத்த துண்டை அதற்குக் கொடுத்தால் அது மறுபடி ஒரு விடை தரும். அந்த விடை மறுபடியும் "இன்னும்" ஆகவும் இருக்கலாம். எடை மேடைக் கதையை இதில் ஓட்டிப் பார்க்கலாம். "+12" கொடுக்கிறோம்; இன்னும். அந்த ஃபங்ஷனின் வயிற்றுக்குள் "இதுவரை 12, இனி இலக்கமோ வரி முடிவோ வரணும்" என்ற விவரம் இருக்கிறது. "34" கொடுக்கிறோம், இன்னும். "0", வரி முடிவு, "+12" என்று ஒரு துண்டு வருகிறது. இப்போது ஆச்சு: மதிப்பு 12340, மிச்சம் "+12". அந்த மிச்சம் அடுத்த எடையின் தலை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த துண்டிலிருந்து புதிதாகத் தொடங்கினால் மறுபடி கணக்குப்பிள்ளை கூப்பிடுவார்.

இதையே சி மொழியில் எழுதினால், எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று ஒரு மாறியில் குறித்து வைத்து, இதுவரை சேர்த்ததை இன்னொன்றில் வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கட்டம் மாற்ற வேண்டும். எண்ணுக்கு அது சமாளிக்கக்கூடியதுதான். அடைப்புக்குள் அடைப்பு வரும் இலக்கணத்துக்கு நாமே ஓர் அடுக்கையும் (ஸ்டாக்) கட்டி மேய்க்க வேண்டும். ஃபங்ஷனையும் ஒரு மதிப்பாகக் கையாளும் ஹாஸ்கெல் மாதிரியான ஃபங்ஷனல் மொழியில் ஒவ்வொரு சிறு பார்சருக்கும் "நீ முடித்த பிறகு செய்ய வேண்டிய மிச்ச வேலை இது" என்று ஒரு ஃபங்ஷனைக் கையில் கொடுத்தே அனுப்புகிறோம். துண்டு தீர்ந்துபோனால் அந்த மிச்ச வேலையை அப்படியே "இன்னும்" என்ற உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். கட்டக் குறிப்பு, அடுக்கு எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

இதற்கு முன்னாலும் ஹாஸ்கெல்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். உள்ளீட்டையே சோம்பல் பட்டியலாக, கேட்டால் மட்டும் அடுத்த எழுத்தைக் கொண்டுவரும் பட்டியலாகக் கொடுத்துவிடுவது. பார்சருக்குத் தான் காத்திருப்பதே தெரியாது. பிலிப் வாட்லர் 1985இல் தோல்வியை வெற்றுப் பட்டியலாகவும் வெற்றிகளைப் பட்டியலின் உறுப்புகளாகவும் காட்டிய முறைக்கு அது அழகாகப் பொருந்தும். ஆனால் எழுத்து வராவிட்டால் மொத்த நிரலும் அங்கேயே மலைத்து நிற்கும். காத்திருப்பது என்பது நம் கையில் பிடிக்கக்கூடிய மதிப்பாக இல்லை. என் ஆலையில் இரண்டு எடை மேடைகள். ஒன்று வாய் திறக்கும்வரை மற்றொன்றும் காத்துக் கிடப்பதில் அர்த்தமில்லை.

வரி வெட்டுவதை விட்டு அட்டோபார்செக்குக்கு மாறிய பிறகு செய்த இரண்டாம் தப்பையும் சொல்லிவிட வேண்டும். அட்டோபார்செக் எடுத்த பெரும்பாலோர் ஒரு தடவையாவது இதில் விழுந்திருப்பார்கள். உள்ளீடு முழுதும் தீர்ந்துவிட்டது, இனி வராது என்று பார்சருக்கு எப்படித் தெரிவிப்பது? அட்டோபார்செக்கில் வெற்றுத் துண்டு கொடுத்தால் அதற்கு "முடிந்தது" என்று பொருள். சீரியல் போர்ட்டை நான் கால வரம்பு வைத்துப் படித்தேன்: 100 மில்லி நொடிக்குள் ஒன்றும் வராவிட்டால் வெற்றுத் துண்டு திரும்பும். அதை அப்படியே பார்சருக்கு ஊட்டினேன். நான் சொல்ல நினைத்தது "இப்போதைக்கு ஒன்றும் இல்லை". பார்சர் கேட்டது "இனி ஒன்றுமே இல்லை". என் சோதனைக் கோப்பின் கடைசி வரியில் வரி முடிவு விட்டுப்போயிருந்ததால், "வரி முடிவு அல்லது உள்ளீட்டு முடிவு" என்று இலக்கணத்தைத் தாராளமாக வேறு எழுதியிருந்தேன். கேபிள் லூசாகிச் சேதி நடுவில் தயங்கிய ஒரு நாள், 1234 திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே குறிக்கு இரண்டு அர்த்தம் வைத்தது நூலகத்தின் குறை என்று நான் இன்றும் நினைக்கிறேன். முடிவுக்குத் தனியாக ஒரு சொல் இருந்திருக்க வேண்டும்.

தமிழ் எழுத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது என்பது வேடிக்கை. "நெல்லை" நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடுகள்: ந, ஒற்றைக் கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆக 18 பைட்டு. வலையில் வரும் துண்டு நாலாவது பைட்டில் முறிந்தால் கொம்பின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கையில் நிற்கும். சரி, பைட்டு முறியாமலே வந்தாலும், "ல" வந்து நிற்கும்போது அது லகரமா, ல் என்னும் மெய்யா, லை, லோ என்று ஏதாவதா? அடுத்த குறியீடு வந்தால்தான் தெரியும். எடை மேடையின் 1234 மாதிரியேதான். ஹாஸ்கெலின் டெக்ஸ்ட் நூலகத்தில் துண்டு துண்டாக யூடிஎஃப்-8 படிக்கும் ஃபங்ஷனின் விடையும் மேலே பார்த்த அதே அமைப்பு: இதுவரை தெளிந்த எழுத்து, முறிந்து நிற்கும் பைட்டு, அடுத்த துண்டை வாங்கக் காத்திருக்கும் ஒரு ஃபங்ஷன். அது பைட்டு முறிவைப் பார்த்துக்கொள்ளும். புள்ளி வருமா என்று காத்திருப்பது நம் பாடு.

பேச்சிலும் அப்படித்தான். "நேத்து ராத்திரி கடையத்துல இருந்து நெல்லு ஏத்திட்டு வந்த" என்று கணக்குப்பிள்ளை நிறுத்தி வெற்றிலையை மடித்தால், நாம் "ஆச்சு" என்றும் எண்ண மாட்டோம், "போச்சு" என்றும் எண்ண மாட்டோம். வந்த லாரியா, வந்த டிரைவரா? ஒரு பெயர்ச்சொல்லுக்கான இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். வினை கடைசியில் வரும் மொழியைப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பார்சரை விளக்குவது லேசு.

நினைவகக் கணக்குக்கு வருவோம். அட்டோபார்செக் ஒரு வழி சரிவரவில்லை என்றால் தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போய் அடுத்த வழியை முயலும். வசதிதான். ஆனால் திரும்பிப் போகும் வாய்ப்பு இருக்கும்வரை வந்த துண்டுகளை எறிய முடியாது. ஒரே ஓட்டத்தில் நாள் முழுதும் வருகிற எடைகளைப் பட்டியலாகப் படிக்கச் சொன்னால் காலையில் வந்த முதல் எழுத்தும் சாயந்தரம் வரை உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு எடைக்கும் ஓர் ஓட்டம் என்று பிரித்தால் இது தீரும். ஓகேமல் மொழியின் ஆங்ஸ்ட்ரம் நூலகம் இதற்கென்றே "கமிட்" என்று ஒன்றைத் தருகிறது: இந்த இடத்துக்குப் பின்னால் திரும்பிப் போக மாட்டேன், அதுவரை உள்ளதை எடுத்துக்கொள் என்று பார்சரே சொல்லிவிடும். ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகிற எங்கள் ஊர்க் குளத்து வரிசையில், போன தண்ணீரை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இதுவரை சொன்னது வருகிற சேதியைப் படிக்கும் கதை. இதற்கு இன்கிரிமென்டல் பார்சிங், அதாவது படிப்படியாகப் படித்தல் என்று பெயர். இதே பெயரில் இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது, இரண்டையும் போட்டுக் குழப்பாத ஆள் குறைவு. உள்ளீடு முழுதும் கையில் இருக்கிறது. அதில் நடுவில் ஓர் எழுத்தை ஒருவர் திருத்துகிறார். மொத்தத்தையும் மறுபடி படிக்காமல், முன்பு படித்துக் கட்டிய இலக்கண மரத்தைச் சரிசெய்ய வேண்டும். எடிட்டர்களின் பிரச்சினை இது.

எனக்கு இது வந்தது கழிவு விதிகளால். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் இவ்வளவு கழி, சாக்குக்கு இவ்வளவு, பதருக்கு இவ்வளவு என்று கணக்குப்பிள்ளை தமிழிலேயே எழுத ஒரு சிறு விதிமொழி செய்து கொடுத்தேன். அவர் தட்டத் தட்டத் தப்பு இருக்கும் இடம் சிவக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அவருடைய விதிக் கோப்பு சில நூறு வரிதான். ஒவ்வொரு தட்டலுக்கும் முழுதும் படித்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும், அதைச் செய்யுங்கள். நான் செய்யாததற்குக் காரணம் ஆசைதான்.

முதலில் தோன்றுகிற வழி, பத்தமடைப் பாய் நெய்கிறவர் செய்வது. ஊடை ஓரிடத்தில் தப்பியது தெரிந்தால் அதுவரை பிரித்துவிட்டு அங்கிருந்து நெய்வார். பார்சரிலும் சில வரிகளுக்கு ஒரு தடவை "இன்னும்" மதிப்பைப் பத்திரப்படுத்தி வைத்தால், திருத்தம் நடந்த இடத்துக்குச் சற்று முன்னால் உள்ளதை எடுத்து அங்கிருந்து தொடரலாம். ஃபங்ஷனல் மொழியின் பெரிய லாபம் இங்கேதான் தெரிகிறது. மதிப்புகள் மாறாதவை என்பதால் பழைய நிலையைப் பத்திரப்படுத்துவதற்குப் படி எடுக்க வேண்டியதில்லை. பிடித்து வைத்துக்கொண்டாலே போதும். ஒரே நிலையிலிருந்து பத்து வெவ்வேறு தொடர்ச்சிகளை ஓட்டினாலும் அது கெடாது. இலக்கணத்தைக் கொடுத்தால் பார்சரை எழுதித் தரும், ஓகேமலுக்கான மென்ஹிர் என்னும் பார்சர் ஆக்கி இதை வெளிப்படையாகவே தருகிறது: அடுத்த டோக்கன் (சொல், எண், குறி என்று பிரித்த துண்டு) வேண்டும் என்ற கட்டத்தில் நிற்கும் பார்சரை ஒரு மதிப்பாக வாங்கி வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது திரும்ப வரலாம். ஓகேமல் எழுதுகிறவர்களுக்கு எடிட்டருக்குள் உதவும் மெர்லின் மென்ஹிரைத்தான் நம்பியிருக்கிறது.

ஜான்-ஃபிலிப் பெர்னார்டி 2009இல், ஹாஸ்கெலில் எழுதிய யி என்ற எடிட்டருக்காக, இதோடு சோம்பலையும் சேர்த்தார். திருத்தத்துக்கு முந்தைய நிலையிலிருந்து தொடங்கி, திரையில் தெரிகிற பகுதிக்குத் தேவையான அளவு மட்டும் படிப்பது. அதற்குக் கீழே உள்ள ஆயிரம் வரிகளின் மரம் "கேட்டால் கணக்கிடுவேன்" என்று தூங்கிக்கொண்டிருக்கும். யாரும் அங்கே போகாவிட்டால் செலவே இல்லை. நல்ல யோசனை. ஆனால் திருத்தத்துக்குப் பிறகு வருவதை அது மறுபடி பயன்படுத்தவில்லை, தள்ளிப்போடுகிறது. கோப்பு முழுவதற்கும் பிழைகள் வேண்டும் என்று கேட்டால் தள்ளிப்போட்டதெல்லாம் வந்து நிற்கும்.

அப்படியானால் பின்பகுதியை எப்போது திரும்பப் பயன்படுத்தலாம்? திருத்தத்தைத் தாண்டிப் படித்துக்கொண்டே போகும்போது, ஓரிடத்தில் இப்போதைய நிலையும் போன தடவை அதே இடத்தில் இருந்த நிலையும் ஒன்றாகிவிட்டால், அங்கிருந்து மேற்கொண்டு பழைய விடையே செல்லும். ஆக, இரண்டு நிலைகள் சமமா என்று கேட்கத் தெரிய வேண்டும். இங்கேதான் நான் முட்டிக்கொண்டேன். என் "இன்னும்" ஒரு ஃபங்ஷன். இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றா என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உள்ளே திறந்து பார்க்கவும் மொழி விடாது. காத்திருப்பதற்கு எது சௌகரியமாக இருந்ததோ, எல்லாவற்றையும் வயிற்றுக்குள் மறைத்து வைத்திருந்த அந்த ஃபங்ஷன், ஒப்பிடுவதற்கு வாயைத் திறக்க மறுக்கிறது.

வழி உண்டு, பழைய வழிதான். மிச்ச வேலையைக் குறிக்கும் ஃபங்ஷன்களுக்குப் பதில், ஒவ்வொரு வகை மிச்ச வேலைக்கும் ஒரு பெயர்ச்சீட்டு கொடுத்து, அவற்றை அடுக்காக வைத்து, சீட்டைப் படித்து வேலை செய்கிற ஒரே ஃபங்ஷனை எழுதுவது. ஜான் ரெய்னால்ட்ஸ் 1972இல் விளக்கிய மாற்றம் இது. "இலக்கம் எதிர்பார்த்து நிற்கிறேன், இதுவரை 12" என்பது இப்போது கண்ணுக்குத் தெரியும் தரவு, ஒப்பிடலாம், கோப்பில் எழுதி வைக்கலாம். செய்து முடித்துப் பார்த்தால், சி மொழிக்காரர் கையால் கட்டிய கட்டக் குறிப்பும் அடுக்கும்தான் கையில் இருக்கிறது! முழுச் சுற்று சுற்றிக் கீழப்புதுத்தெருவிலிருந்து கீழப்புதுத்தெருவுக்கே வந்த மாதிரி. ஒரே வித்தியாசம், இந்த அடுக்கு மாறாதது, பழையது எப்போதும் கெடாமல் இருக்கும். மென்ஹிர் ஆக்கித் தருகிற, அட்டவணையைப் பார்த்து நகரும் எல்ஆர் வகைப் பார்சர்களுக்கு இந்த வேலையே இல்லை. அவற்றின் நிலை தொடக்கத்திலிருந்தே ஓர் எண்ணும் ஓர் அடுக்கும்தான். மென்ஹிரில் இரண்டு நிலைகள் சமமா என்று கேட்க ஒரு ஃபங்ஷனே உண்டு.

அதனால் வடிவமைக்க உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது இது என்று எனக்குப் படுகிறது: "இன்னும்" என்பதை ஃபங்ஷனாக வைக்கப்போகிறோமா, தரவாக வைக்கப்போகிறோமா? ஓடிவரும் சேதிக்கு ஃபங்ஷன் போதும், எழுதுவதற்கும் சுகம். திருத்தத்துக்குத் தரவு வேண்டும். சிறு பார்சர்களைக் கோத்துப் பெரியதாக்க இரண்டு முறைகள் உண்டு, மோனாட், அப்ளிகேட்டிவ் என்று. மோனாடா அப்ளிகேட்டிவா என்று ஹாஸ்கெல்காரர்கள் சண்டை போடுவதும் அடியில் இதுதான். முதலில் நீளத்தைப் படி, அந்த நீளத்துக்கு எழுத்து படி என்று எழுத மோனாட் வேண்டும். அடுத்தது என்ன என்பது முந்தைய மதிப்புக்குள் ஒளிந்திருக்கும். அப்ளிகேட்டிவில் இலக்கணம் முழுதும் படிப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும், அலசலாம்.

மரத்தைப் பகிர்வதில் ஒரு சின்ன நுணுக்கம் பெரிய வேலை செய்கிறது. ஒவ்வொரு கணுவிலும் "கோப்பின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது எழுத்து" என்று எழுதி வைத்தால், மேலே ஓர் எழுத்து நுழைத்ததும் கீழுள்ள அத்தனை கணுவும் பொய் சொல்லும். நெல்லை ஜங்ஷனிலிருந்து தென்காசி வரை ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் "ஜங்ஷனிலிருந்து இத்தனை கிலோமீட்டர்" என்று பலகை வைத்து, பேட்டையில் பாதை ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போனால் எல்லாப் பலகையையும் மாற்ற வேண்டும். "முந்தைய நிறுத்தத்திலிருந்து இவ்வளவு" என்று எழுதியிருந்தால் ஒரே பலகை. மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் கம்பைலரான ராஸ்லின் இதைத்தான் செய்கிறது: அடியில் நீளம் மட்டும் தெரிந்த மாறாத பச்சைக் கணுக்கள், மேலே கேட்கும்போது மட்டும் இடத்தைக் கணக்கிட்டுத் தரும் சிவப்புக் கணுக்கள். எடிட்டர்களுக்காக மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கிய ட்ரீ-சிட்டர் என்ற பார்சர் கருவியில், எடிட்டருக்குள் ஓடுகிற நூலகம் சி மொழி. ஆனால் அதிலும் மரத்துக்குப் படி எடுப்பது என்றால் ஓர் எண்ணிக்கையை ஒன்று கூட்டுவதுதான், துணை மரங்கள் பழையதுக்கும் புதியதுக்கும் பொது. ஃபங்ஷனல்காரர்கள் பண்டு தொட்டுச் சொன்னதை சி மொழியிலும் செய்ய வேண்டிவந்தது.

ட்ரீ-சிட்டரில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் எடை மேடையை நினைவூட்டுவது. ஒவ்வொரு துணை மரத்தோடும், அதை முடிவு செய்யத் தன் எல்லையைத் தாண்டி எத்தனை பைட்டு எட்டிப் பார்த்தது என்றும் குறித்து வைக்கிறது. 1234 என்ற டோக்கனை யாரும் தொடவில்லை, அதற்கு அடுத்து ஒரு சுழி நுழைத்தார்கள். டோக்கனுக்குள் திருத்தம் இல்லை. ஆனாலும் டோக்கன் செல்லாது. அடுத்த எழுத்தை எட்டிப் பார்த்துத்தானே அது முடிந்ததாக முடிவு செய்தது.

இன்னொரு வழி, ஃபங்ஷனல் உலகத்துக்கே சொந்தமானது, இடமிருந்து வலம் படிப்பதையே விட்டுவிடுவது. கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கம் எழுதி, பக்கத்துப் பக்கத்துச் சுருக்கங்களைச் சேர்ப்பது. அடைப்புக்குறிகளை எடுத்துக்கொண்டால் ஒரு துண்டின் சுருக்கம் இரண்டே எண்: ஜோடி இல்லாத மூடல்கள் எத்தனை, ஜோடி இல்லாத திறப்புகள் எத்தனை. இடத் துண்டு (1, 3), வலத் துண்டு (2, 0) என்றால், மூன்று திறப்பில் இரண்டை வலத்தின் மூடல்கள் அடைத்துவிடும்; சேர்ந்தது (1, 1). எந்த ஜோடியை முதலில் சேர்த்தாலும் விடை ஒன்றே. அதனால் சுருக்கங்களை ஒரு சமநிலை மரத்தில் வைக்கலாம். 2006இல் ஹின்ஸும் பேட்டர்சனும் எழுதிய ஃபிங்கர் மரம் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். லட்சம் துண்டு இருந்தாலும் ஒன்றைத் திருத்தினால் வேரை எட்ட ஏறத்தாழ 17 படிதான் மறுபடி கணக்கிட வேண்டும்.

மேற்கோள் குறிதான் இதில் குறும்பு. துண்டின் நடுவில் ஒரு மேற்கோள் குறி வந்தால் அது திறப்பா மூடலா என்பது முன்னால் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது, முன்னாலுள்ளதோ நமக்குத் தெரியாது. அதனால் எல்லாச் சாத்தியத்துக்கும் பதில் எழுதி வைத்துவிட வேண்டியதுதான். வெளியே, மேற்கோளுக்குள், குறிப்புரைக்குள் என்று மூன்று நிலைகள் இருந்தால், "வெளியே இருந்து நுழைந்தால் இப்படி வெளியேறுவாய், மேற்கோளுக்குள் இருந்து நுழைந்தால் இப்படி" என்று துண்டுக்கு மூன்று வரிப் பட்டியல். இரண்டு பட்டியலைச் சேர்ப்பது என்றால் ஒன்றின் விடையை மற்றொன்றில் தேடுவது. ஃபங்ஷன்களைக் கோப்பதுதான் அது. ஆனால் எண்ணிவிடக்கூடிய ஃபங்ஷன் என்பதால் பட்டியலாக எழுதிவிட்டோம், ஒப்பிடவும் முடியும். ஃபங்ஷனா தரவா என்ற வழக்கில் இரண்டு பக்கமும் ஜெயிக்கிற அபூர்வ இடம். முழு இலக்கணத்துக்கும் இதே உத்தியை நீட்டுவது கடினம், சுருக்கங்கள் பெருத்துவிடும். டோக்கன் பிரிப்பதற்கும் அடைப்பு பொருத்துவதற்கும் தாராளமாகச் செல்லும், என் விதிமொழிக்கு நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

எடிட்டரில் "போச்சு" என்ற பதிலுக்கு மதிப்பே இல்லை என்பதையும் அங்கேதான் கற்றேன். தட்டிக்கொண்டிருக்கும் ஆளின் கோப்பு பெரும்பாலான நேரம் அரைகுறையாகவே இருக்கும். பிழையையும் மரத்தில் ஒரு கணுவாக வைத்து, மீதியைப் படித்துக்கொண்டு போக வேண்டும். ட்ரீ-சிட்டர் அப்படித்தான் செய்கிறது.

எடை மேடைத் திரையில் இப்போது, பார்சர் காத்திருக்கும்போது பழைய எண்ணை அழித்துவிட்டு "இன்னும்" என்ற சொல்லைக் காட்டுகிறேன். கேபிள் சரியாக இருந்தால் அது கண்ணில் படாமலே போய்விடும். போன வாரம் எலி கடித்த கேபிளில் அது நின்றுவிட்டது. கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்.

"என்ன தம்பி இது, இன்னும்னா? எடை ஏறிக்கிட்டு இருக்குன்னா?"

"இல்ல அண்ணாச்சி. பொட்டி இன்னும் சொல்லி முடிக்கல."

"அப்ப நான் எழுதக் கூடாது."

"கூடாது."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, டிரைவரிடம் வண்டியை அப்படியே நிறுத்தச் சொன்னார்.